பாய்லர்பிளேட் 9: காணொளியில் இருக்கும் கோப்புகள் என் கோப்புறையில் இல்லையே?

#1 படிப்பக_இளைஞன்

வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு ஒரு சிறிய இணையதளம் செய்துகொண்டிருக்கிறேன். முகப்பு, நூல் பட்டியல், அறிவிப்புகள், தொடர்பு என்று நான்கு பக்கங்கள்தான். எச்டிஎம்எல்5 பாய்லர்பிளேட் என்ற ஆயத்த வார்ப்புருவை வைத்துத் தொடங்கச் சொன்னார் கல்லூரியில் எனக்கு மூத்தவர் ஒருவர். பழைய காணொளி ஒன்றைப் பார்த்து அதன்படி செய்கிறேன்.

காணொளியில் நார்மலைஸ், மாடர்னைசர், ஜேக்வெரி, கூகுள் அனலிட்டிக்ஸ் எல்லாம் வருகின்றன. நான் இறக்கிய 9ஆம் பதிப்பில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இறக்கம் அரைகுறையாக நின்றுவிட்டதா? இல்லையென்றால் இவற்றை நானே தேடிச் சேர்க்க வேண்டுமா? புதிய பதிப்பு வரும்போதெல்லாம் தளத்தையும் மாற்ற வேண்டியிருக்குமா?

#2 பழையஉலாவி

இறக்கம் சரியாகத்தான் இருக்கிறது தம்பி. காணொளிதான் பழசு. நீங்கள் பட்டியலிட்ட ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு நோய்க்கு மருந்தாக வந்தது. நோய் போனதும் மருந்தை நிறுத்திவிட்டார்கள்.

பால் ஐரிஷும் திவ்யா மணியனும் இதை வெளியிட்ட ஆண்டு 2010. அப்போது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6, 7, 8 மூன்றும் உயிரோடு இருந்தன. மூன்றும் ஒரே பக்கத்தை மூன்று விதமாகக் காட்டின. அதனால் அன்றைய வார்ப்புருவின் தொடக்கத்தில், எக்ஸ்ப்ளோரருக்கு மட்டும் புரியும் நிபந்தனைக் குறிப்புகளை வைத்து, எந்தப் பதிப்போ அதற்கேற்ற வகுப்புப் பெயரைப் பக்கத்தின் வேர்க்குறியான எச்டிஎம்எல் குறியிலேயே ஒட்டிவிடுவார்கள். எக்ஸ்ப்ளோரர் 10 வந்தபோது மைக்ரோசாஃப்டே அந்த நிபந்தனைக் குறிப்புகளைக் கைவிட்டது. 2022 ஜூனில் எக்ஸ்ப்ளோரர் 11க்கான ஆதரவும் பெரும்பாலான கணினிகளுக்கு முடிந்துவிட்டது.

ஜேக்வெரி: ஒரு பெட்டியைத் திறந்து மூடக்கூட உலாவிக்கு உலாவி வேறு நிரல் எழுத வேண்டியிருந்த காலத்தின் கருவி. 2020இல் வந்த 8ஆம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் நான்கு பக்கங்களுக்கு அது தேவையே இல்லை.

மாடர்னைசர்: இந்த உலாவிக்கு இன்ன வசதி தெரியுமா என்று சோதித்துச் சொல்வது. இன்று பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸிலேயே அதற்கு விதி இருக்கிறது.

அனலிட்டிக்ஸ்: தளத்துக்கு வருவோரைக் கணக்கிடுவது. காணொளியில் இருப்பது யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் நிரலாகத்தான் இருக்கும். 2023 ஜூலை 1 முதல் கூகுள் அதில் தரவு ஏற்பதை நிறுத்திவிட்டது. அதை அப்படியே ஒட்டினால் உங்கள் பக்கம் யாருக்கும் பயனில்லாமல் ஒரு கோப்பை இறக்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

மேம்படுத்துவது பற்றி: வேண்டாம். இது நிரல் நூலகம் (பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பு) போன்ற சார்பு அன்று. நகலெடுத்த அந்த நிமிடத்தோடு அவர்களுக்கும் உங்களுக்கும் தொடர்பு முடிந்தது. கோப்புகள் உங்களுடையவை. புதிய பதிப்பு வந்தால் மாற்றக் குறிப்பைப் படித்துப் பாருங்கள். உங்களுக்குப் பொருந்தும் வரி ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

#3 வடிவக்கோடு

மேலே சொன்னதற்கு ஒரு திருத்தம். வார்ப்புருவை மேம்படுத்த வேண்டாம் என்பது சரி. ஆனால் அதோடு வந்த நூலகங்களை அப்படி விட முடியாது. பழைய பாய்லர்பிளேட்டில் எழுந்த தளங்கள் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் ஜேக்வெரி 1.x உட்கார்ந்திருக்கும். தீய நிரலை உள்ளே நுழைக்க வழிவிடும் ஓட்டைகளை 2020இல் வந்த 3.5.0 பதிப்பில்தான் அடைத்தார்கள். பழைய தளத்தைப் பராமரிப்பவர்கள் வார்ப்புருவை மறந்துவிடலாம், ஜேக்வெரியை மறக்கக்கூடாது.

#4 வைட்_ரசிகன்

2010இல் வந்ததை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்களா? புதிய கருவியான வைட்டில் ஒரே ஒரு கட்டளை. திட்டம் முழுதும் தயார். கோப்பைச் சேமித்தவுடன் திரையில் மாற்றம் தெரிகிறது. இந்தப் பையனை ஏன் பழங்காலத்துக்கு இழுக்கிறீர்கள்?

#5 பழையஉலாவி

நான்கு பக்கப் படிப்பகத் தளத்துக்கு நோடு என்ற இயக்கச் சூழல், ஐநூறு சார்புக் கோப்புறைகள், கட்டுமானப் படி எல்லாம் எதற்கு? நாளை இந்தத் தம்பி வேலைக்குப் போய்விட்டால், படிப்பகத்தில் இருப்பவர் நோட்பேடில் திறந்து ஓர் அறிவிப்பைத் திருத்த முடிய வேண்டும். அதற்கு வெறும் எச்டிஎம்எல்தான் ஏற்றது.

#6 வடிவக்கோடு

இரண்டு பேரும் வேறு வேறு பொருளைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். வைட் ஒரு கட்டுமானக் கருவி. பாய்லர்பிளேட் என்பது ஒரு பக்கத்தின் தலைப்பகுதியில் என்னென்ன இருக்க வேண்டும், அச்சில் என்ன ஆக வேண்டும், பக்கம் காணாமல் போனால் எதைக் காட்ட வேண்டும் என்ற முடிவுகளின் தொகுப்பு. வைட் உருவாக்கித் தரும் இன்டெக்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். எழுத்துக் குறியாக்கம், கைப்பேசித் திரையின் அகலத்துக்குப் பக்கத்தைப் பொருத்தும் வியூபோர்ட், தலைப்பு, சின்னம், அவ்வளவுதான். விளக்க மெட்டா இல்லை, இணைப்பைப் பகிரும்போது தெரியும் படத்தையும் தலைப்பையும் சொல்லும் ஓப்பன் கிராஃப் இல்லை, அச்சு விதி இல்லை. வைட்டில் வேலை செய்கிற நானே அந்த வரிகளை பாய்லர்பிளேட்டிலிருந்துதான் எடுத்துப் போடுகிறேன்.

#7 வைட்_ரசிகன்

அது நியாயம். ஆனாலும் நார்மலைஸ் இல்லாமல் தொடங்குவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டார்களே?

#8 வடிவக்கோடு

நிக்கோலஸ் கேலகரின் நார்மலைஸ் 8.0.1 வந்தது 2018இல். அதற்குப் பிறகு புதிய வெளியீடு இல்லை. எரிக் மேயரின் ரீசெட் உலாவியின் இயல்புத் தோற்ற அமைப்புகள் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கியது. நார்மலைஸ் உலாவிகளுக்கிடையே இருந்த வேறுபாடுகளை மட்டும் சரிசெய்தது. அந்த வேறுபாடுகளில் பெரும்பகுதி எக்ஸ்ப்ளோரரையும் பழைய ஆண்ட்ராய்டு உலாவியையும் சேர்ந்தவை. இன்று அதைச் சேர்ப்பதால் கெடுதல் ஏதும் இல்லை, பெரிய நன்மையும் இல்லை. பூட்ஸ்டிராப் என்ற ஆயத்த வடிவமைப்புத் தொகுப்பைப் பயன்படுத்தினால் கண்டிப்பாகச் சேர்க்காதீர்கள். அதன் ரீபூட் பகுதி நார்மலைஸின் மேல் கட்டப்பட்டதுதான்.

#9 படிப்பக_இளைஞன்

நன்றி அண்ணா, நன்றி அக்கா. இப்போது தெளிவாகிவிட்டது. பூட்ஸ்டிராப்பைப் பற்றியே கேட்க இருந்தேன். நூல் பட்டியலுக்கு அதன் அட்டவணை அழகாக இருக்கிறது. இரண்டையும் சேர்க்கலாமா? வேர்க்குறியில் லாங் பண்பு வெறுமையாக இருப்பது எதற்காக என்றும் சொல்லுங்கள். அப்படியே விட்டாலும் பக்கம் நன்றாகத்தான் தெரிகிறது.

#10 பழையஉலாவி

சேர்க்கலாம். பூட்ஸ்டிராப்பின் சிஎஸ்எஸ் முதலில், உங்கள் ஸ்டைல் கோப்பு அதன் பிறகு. வரிசை மாறினால் நீங்கள் எழுதியவற்றில் பாதியைப் பூட்ஸ்டிராப் அமுக்கிவிடும். பாய்லர்பிளேட்டின் ஸ்டைல் கோப்பில் மேலே இருக்கும் அடிப்படை விதிகளையும், துணை வகுப்புகளில் பூட்ஸ்டிராப்பிலும் இருப்பவற்றையும் அழித்துவிடுங்கள். அழிக்கத் தயங்காதீர்கள். வேண்டாததை எளிதில் அழிக்கலாம் என்பதைத் தங்கள் வார்ப்புருவின் சிறப்புகளில் ஒன்றாக அதைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அச்சு விதிகளை மட்டும் படித்துப் பார்க்காமல் அழிக்க வேண்டாம்.

2021இல் வந்த பூட்ஸ்டிராப் 5 ஜேக்வெரியைக் கைவிட்டுவிட்டது. ஜேக்வெரியையும் சேர்க்கச் சொல்லும் பாடம் கண்ணில் பட்டால் அது 4ஆம் பதிப்புக்கோ அதற்கு முந்தையதற்கோ எழுதியது.

#11 வடிவக்கோடு

லாங் பண்பைப் பற்றி நான் சொல்கிறேன். நம்மவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இது.

வார்ப்புரு உலகத்துக்கே பொதுவானது. எந்த மொழியில் எழுதப்போகிறீர்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். வெறுமை என்றால் மொழி தெரியாது என்று பொருள். தமிழ்ப் பக்கத்துக்கு அதில் டி, ஏ என்ற இரண்டு எழுத்துகளைச் சிறிய எழுத்தில் இடுங்கள். பார்வையற்ற வாசகர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பானில் உங்கள் பக்கத்தைத் திறந்தால், எந்த மொழிக் குரலில் படிக்க வேண்டும் என்று அது இந்தப் பண்பைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. அதோடு வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழ் தெரியும். ஆனால் மொழி இதுதான் என்று பக்கம் சொல்ல வேண்டும். வெறுமையாக விடுவதைவிட மோசமானது ஆங்கில வார்ப்புருவை நகலெடுத்து ஆங்கிலக் குறியீட்டையே வைத்திருப்பது. பெரிய தமிழ்த் தளங்களிலும் இதைப் பார்க்கிறேன்.

பக்கத்தின் நடுவில் ஆங்கிலப் பத்தி வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் ஆங்கிலக் குறியீட்டைக் கொடுங்கள்.

#12 யாழ்வாசி

இடையில் ஒரு கேள்வி. இலங்கைத் தமிழுக்கு நாட்டுக் குறியீட்டையும் சேர்க்க வேண்டுமா? எங்கள் பாடசாலைத் தளத்தில் ஒருவர் சேர்த்து வைத்திருக்கிறார், இன்னொருவர் நீக்கச் சொல்கிறார்.

#13 வடிவக்கோடு

சேர்த்தாலும் பிழையில்லை, ஆனால் அவசியமும் இல்லை. ஒரே தளத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வெவ்வேறு பக்கங்கள் வைத்து, வேறுபடுத்திக் காட்ட வேண்டிய தேவை இருந்தால் மட்டும் சேருங்கள். மற்றபடி மொழிக் குறியீடு மட்டும் போதும்.

#14 பழையஉலாவி

மொழியைப் பற்றிப் பேச்சு வந்ததால் குறியாக்க வரியையும் சொல்லிவிடுகிறேன். யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் மெட்டா வரி, தலைப்பகுதியின் முதல் வரியாக இருக்கிறதல்லவா? அதை நகர்த்தாதீர்கள். கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் அது முழுமையாக இருக்க வேண்டும் என்பது எச்டிஎம்எல் தரத்தின் விதி.

ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு 1024 என்பது தாராளம். நமக்கு அப்படியில்லை. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் மூன்று பைட்டு. "தமிழ்" என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறியெண், பதினைந்து பைட்டு. நீளமான தமிழ்த் தலைப்பையும் விளக்கத்தையும் மேலே போட்டுக் குறியாக்க வரியைக் கீழே தள்ளினால், உலாவி அதற்குள் தானாக ஏதோ ஒன்றை ஊகித்திருக்கும். வழங்கி, கோப்போடு அனுப்பும் எச்டிடிபி தலைப்பிலேயே குறியாக்கத்தைச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை வெளியே தெரியாது. உங்கள் கணினியில் நேரடியாகக் கோப்பைத் திறக்கும்போது திடீரென்று வரும்.

#15 படிப்பக_இளைஞன்

என் பக்கத்தில் எழுத்துகள் சரியாக வருகின்றன. ஆனால் வரிகள் ஒன்றோடொன்று முட்டுவது போல இருக்கின்றன. ஆங்கிலப் பத்தியில் அப்படித் தெரியவில்லை.

#16 வடிவக்கோடு

வார்ப்புருவின் ஸ்டைல் கோப்பில் வரி உயரம் 1.4 என்று இருக்கும். லத்தீன் எழுத்துக்கு அது பொருந்தும். நமக்குக் கி, கீ மேலே ஏறும். கு, கூ, ஸ்ரீ கீழே இறங்கும். 1.6இலிருந்து 1.8 வரை வைத்துப் பாருங்கள். தலைப்புகளுக்கு 1.3க்குக் கீழே போக வேண்டாம். இதே கோப்பில் இன்னொன்றையும் செய்யுங்கள்: நீண்ட சொல் பெட்டிக்கு வெளியே வழியாமல் உடைந்து அடுத்த வரிக்குப் போகும் விதியைச் சேருங்கள். "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்ற ஒரே சொல் சிறிய கைப்பேசியின் தலைப்பு வரியைத் தாண்டிப் போவதை அறிவிப்புப் பக்கத்தில் நிச்சயம் பார்ப்பீர்கள்.

வியூபோர்ட் வரியை உள்ளபடியே விடுங்கள். பெரிதாக்குவதைத் தடுக்கும் சொற்களைச் சிலர் அதில் சேர்ப்பார்கள். படிப்பகத்துக்கு வரும் பெரியவர்கள் விரலால் விரித்துத்தான் படிப்பார்கள்.

#17 வைட்_ரசிகன்

எழுத்துருவை வெளி வழங்கியிலிருந்து இழுப்பதா, தன் தளத்திலேயே வைப்பதா? முன்பெல்லாம் கூகுள் வழங்கியிலிருந்து எடுத்தால் வேறு தளத்தில் ஏற்கெனவே இறங்கிய கோப்பே இங்கும் பயன்படும், வேகம் கிடைக்கும் என்பார்கள்.

#18 பழையஉலாவி

அந்தக் கணக்கு இப்போது செல்லாது. ஒரு தளத்தில் சேமித்த கோப்பை இன்னொரு தளம் பயன்படுத்த விட்டால், பயனர் எங்கெங்கே போனார் என்பதை உளவு பார்க்க வழியாகிறது என்று உலாவிகள் சேமிப்பைத் தளவாரியாகப் பிரித்துவிட்டன. சஃபாரி நெடுநாள் முன்பே செய்தது. குரோம் 2020இல் 86ஆம் பதிப்பில், ஃபயர்பாக்ஸ் 2021 ஜனவரியில் 85ஆம் பதிப்பில். பழைய பாய்லர்பிளேட்டில் ஜேக்வெரியைக் கூகுள் வழங்கியிலிருந்து அழைத்து, கிடைக்காவிட்டால் உள்ளூர்ப் பிரதியை எடுக்கும் இரண்டு வரிகள் இருந்தன. அக்காலத்தில் எல்லோரும் மெச்சிய உத்தி. இன்று அதைப் பின்பற்றக் காரணம் இல்லை.

நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. சாதாரண எடை, தடித்த எடை இரண்டையும் வோஃப்2 என்ற இணைய எழுத்துரு வடிவில் உங்கள் கோப்புறையிலேயே வையுங்கள். ஒன்பது எடைகளையும் ஏற்றாதீர்கள். எழுத்துரு வந்து சேரும்வரை கைப்பேசியில் இருக்கும் எழுத்துருவைக் காட்டச் சொல்லும் ஸ்வாப் அமைப்பையும் சேர்த்துவிடுங்கள். நகரத்துக்கு வெளியே இணைப்பு மெதுவானால் வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் காத்திருக்கமாட்டார்கள்.

#19 படிப்பக_இளைஞன்

தளங்களை வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றிவிட்டேன். இரண்டு சிக்கல். என் கணினியில் தெரிந்த தாவல் சின்னம் அங்கே தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பினால் படமும் வரவில்லை. படத்தை ஓப்பன் கிராஃப் வரியில் கொடுத்திருக்கிறேன்.

#20 வைட்_ரசிகன்

இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. வார்ப்புருவில் சின்னத்தின் முகவரி சாய்கோட்டில் தொடங்குகிறது. சாய்கோடு என்றால் தளப்பெயரின் வேர். உங்கள் தளமோ வேரில் இல்லை. பயனர் பெயருக்கு அடுத்து களஞ்சியத்தின் பெயரில் ஒரு துணைக் கோப்புறையில் இருக்கிறது. உலாவி வேரில் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறது. முன்னால் இருக்கும் சாய்கோட்டை எடுத்துவிடுங்கள். தனிப் பெயர் வாங்கித் தளத்தை வேரிலேயே வைத்தால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும் உலாவிகள் வேரில் ஃபேவிகான் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும். அதனால்தான் வார்ப்புருவில் அந்தக் கோப்பைப் படக் கோப்புறைக்குள் போடாமல் வெளியே வைத்திருக்கிறார்கள்.

வாட்ஸ்அப் படத்துக்கு முழு முகவரி வேண்டும், எச்டிடிபிஎஸ் முதல் கோப்புப் பெயர் வரை. கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்தையும் பாருங்கள். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, கிட்ஹப் கண்டுகொள்ளும்.

#21 படிப்பக_இளைஞன்

இரண்டும் சரியாகிவிட்டன. எழுத்துகளின் வேறுபாடுதான் படத்தைத் தடுத்திருக்கிறது. இன்னொரு விநோதம்: அறிவிப்புப் பக்கத்தை அச்சிட்டுப் பலகையில் ஒட்டுவதற்காக எடுத்தேன். ஒவ்வோர் இணைப்புக்குப் பின்னும் அடைப்புக்குறிக்குள் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக நான்கு வரிக்குக் குப்பை வருகிறது. திரையில் அப்படி எதுவும் இல்லை.

#22 வடிவக்கோடு

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் இது. வார்ப்புருவின் அச்சுப் பகுதியில் ஒரு விதி இருக்கிறது: தாளில் இணைப்பைச் சொடுக்க முடியாது என்பதால் ஒவ்வோர் இணைப்பின் முகவரியையும் அதன் அருகில் அச்சிட்டுவிடும். பக்கத்துக்குள்ளேயே தாவும் இணைப்புகளுக்கு விலக்கு உண்டு. ஆங்கில முகவரிகளுக்கு நல்ல யோசனை.

நீங்கள் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு இணைப்பு கொடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது தமிழ்ப் பகுதி குறியாக்கம் ஆகிவிடுகிறது. ஒரு குறியெண்ணுக்கு மூன்று பைட்டு, ஒரு பைட்டுக்கு மூன்று குறி. ஆக ஒரு குறியெண்ணுக்கு ஒன்பது. பழையஉலாவி சொன்ன அந்த "தமிழ்" என்ற சொல்லே நாற்பத்தைந்து குறிகளாக நீளும்.

வழிகள் இரண்டு. முகவரியைத் தமிழ் எழுத்திலேயே எச்டிஎம்எல்லில் எழுதுங்கள். உலாவி அதை ஏற்றுக்கொள்ளும், அச்சிலும் எழுதியபடியே வரும். அல்லது அந்த விதியையே அழித்துவிடுங்கள். பலகையில் ஒட்டும் அறிவிப்பென்றால் நான் அழித்துவிடுவேன். விதிகளில் மற்றவற்றை வையுங்கள்: பின்னணியை நீக்கி எழுத்தைக் கறுப்பாக்குவது, தலைப்பு ஒரு தாளிலும் அதன் பத்தி அடுத்த தாளிலும் பிரியாமல் பார்ப்பது, அட்டவணையின் ஒரு வரி பாதியில் உடைந்து அடுத்த தாளுக்குப் போகாமல் பார்ப்பது. உங்கள் நூல் பட்டியலுக்கு இந்தக் கடைசி விதி மிகவும் உதவும்.

#23 யாழ்வாசி

எங்கள் பாடசாலைத் தளத்திலும் இதே குப்பைதான் வந்தது. அச்சுப்பொறி பழுதென்று நினைத்துப் புதிய மை வாங்கி வைத்தார்கள்.

பழைய பதிப்பில் அப்பாச்சி என்ற வழங்கி மென்பொருளுக்கென்று புள்ளியில் தொடங்கும் ஒரு கோப்பு இருந்தது. அதை கிட்ஹப்பில் ஏற்றினால் பயன் உண்டா?

#24 பழையஉலாவி

இல்லை. கிட்ஹப் பேஜஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்தக் கோப்பு அப்பாச்சி வழங்கிக்கு மட்டும். பகிர்வு வழங்கியில் வைத்திருப்பவர்களும் அதை அப்படியே ஏற்றாதீர்கள். வழங்கியில் இல்லாத கூறு ஒன்றைக் கேட்டால் தளம் முழுவதும் 500 பிழையில் நின்றுவிடும். அதே குழுவினர் வழங்கி அமைப்புகளைத் தனித் திட்டமாக வைத்திருக்கிறார்கள், எஞ்சின்எக்ஸ் என்ற இன்னொரு வழங்கி மென்பொருளுக்கும் உண்டு. வேண்டிய பத்தியை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

பக்கம் காணாமல் போனால் காட்டும் 404 கோப்பு கிட்ஹப்பில் வேலை செய்யும். அதன் ஆங்கில வாசகத்தைத் தமிழாக்கி, முகப்புக்குப் போகும் இணைப்பைச் சேருங்கள். அந்தக் கோப்பின் கடைசியில் 512 பைட்டுகளைப் பற்றி ஒரு குறிப்பு கண்ணில் படலாம்: பிழைப் பக்கம் அதைவிடச் சிறியதாக இருந்தால் எக்ஸ்ப்ளோரர் தன் சொந்தப் பிழைப் பக்கத்தைக் காட்டிவிடும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

#25 படிப்பக_இளைஞன்

கடைசியாக ஒன்று. வார்ப்புருவை எடுத்துப் பயன்படுத்தியதற்குத் தளத்தின் அடியில் நன்றி வரி போட வேண்டுமா? நூல் பட்டியலில் தேடல் பெட்டியும் வைக்க வேண்டும், அதற்கு என்ன வழி?

#26 பழையஉலாவி

உரிமம் எம்ஐடி என்ற தாராளமான திறந்த உரிமம். உரிமக் கோப்பைக் களஞ்சியத்தில் அழிக்காமல் வைத்திருங்கள். பக்கத்தின் அடியில் எதுவும் போட வேண்டியதில்லை. போட விரும்பினால் போடுங்கள், யாரும் தடுக்கவில்லை.

#27 மட்டுறுத்துநர்

தேடல் பெட்டிக்குத் தனி இழை தொடங்குங்கள். எத்தனை நூல்கள், பட்டியல் எந்த வடிவில் இருக்கிறது என்ற இரண்டையும் முதல் பதிவிலேயே எழுதினால் விடை விரைவில் கிடைக்கும்.